பத்து மணிக் கட்டம்

மூத்த சிஸ்டருக்கு அந்த வார்டில் ஒருவரையும் பிடிக்காது. பிடிக்காது என்றால் சண்டை சச்சரவு என்று நினைத்துவிடக் கூடாது. ஆளைப் பார்த்தவுடன் மனசுக்குள் ஒரு மார்க் போடுவாள். அந்த மார்க் பத்துக்கு மூன்றைத் தாண்டியதில்லை, அவ்வளவுதான். ஒட்டுறுப்பு அறுவை வார்டில் இருபத்தொரு வருடம் ஆகிறது. துண்டான விரலை ஒட்டியவர்கள், தொடைச் சதையை எடுத்துத் தாடையில் வைத்துத் தைத்தவர்கள் எல்லோரையும் பார்த்தாயிற்று. கையில் வித்தை உள்ளவனுக்கு வாயில் அடக்கம் இல்லை, அடக்கம் உள்ளவனுக்குக் கை நடுங்குகிறது என்பது அவள் கண்டுபிடிப்பு. இதைச் சொல்லிக்கொண்டு திரிய மாட்டாள். முகத்திலேயே எழுதி ஒட்டியிருக்கும்.

பெரிய டாக்டர் முதல் ரகம். மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, ஈர்க்குச்சி கனத்தில் இருக்கும் ரத்தக்குழாயைத் தலைமுடியைவிட மெல்லிய நூலால் சுற்றிலும் தைத்து இணைப்பார். அந்த வேலையில் நொட்டை சொல்ல மூத்த சிஸ்டராலும் முடியாது. கையுறையைக் கழற்றியதும்தான் ஆள் மாறிவிடுவார். தைத்த இடத்தில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டால், கொண்டுவந்து வைத்த சதை செத்துப்போகும். அந்தப் பயம் அவருக்கு உண்டு, இருக்க வேண்டியதுதான். பயத்துக்கு அவர் கண்டுபிடித்த வைத்தியம்தான் வேடிக்கை. எப்போதோ ஒரு கால் சதை செத்தது, ஆஸ்பிரின் ஆரம்பித்தார். அதில் தப்பில்லை, பல ஊர்களில் அளவாகக் கொடுக்கிறார்கள். அப்புறம் ஒரு தாடை செத்தது, ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பார்த்துக்கொள்ளும் இன்னொரு மாத்திரையும் சேர்ந்தது. மூன்றாவதாக ஒரு விரல் போனது, ரத்தம் உறையாமல் இருக்க வேளைக்கு ஓர் ஊசியும் வந்தது. சேர்த்தவர் ஒன்றையும் எடுத்ததில்லை. சதை பிழைத்தால் மருந்து பிழைக்க வைத்தது என்பார். செத்தால் நோயாளி ஒளிந்து சிகரெட் பிடித்தான் என்பார். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். இவர் அந்தக் காக்கைக்கு மூன்று வேளை தீனி போட்டு வளர்த்துக்கொண்டிருந்தார்.

மூத்த சிஸ்டருக்கு மாத்திரையில் நம்பிக்கை இல்லாமல் இல்லை. கண்ணில் அதைவிட அதிக நம்பிக்கை. மணிக்கு ஒரு தடவை போய்ப் பார்க்க வேண்டும். நிறம் என்ன, தொட்டால் சூடு இருக்கிறதா, அழுத்தி விட்டால் எத்தனை வினாடியில் சிவப்பு திரும்புகிறது என்று பார்த்து, கட்டிலின் காலடியில் தொங்கும் தாளில் அந்தந்த மணிக் கட்டத்தில் எழுத வேண்டும். ஒரு தடவை பயிற்சிக்கு வந்திருந்த சின்ன டாக்டரம்மா, காலை எட்டு மணிக்கே மத்தியானம் இரண்டு வரைக்குமான கட்டங்களில் ‘இளஞ்சிவப்பு’ என்று எழுதி வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டாள். மூத்த சிஸ்டர் அந்தத் தாளைக் கிழித்து அவள் கையிலேயே கொடுத்தாள்.

“ஜோசியம் பாக்கணும்னா வாசல்ல உக்காந்து பாருங்க டாக்டர். இங்க கண்ணால பாத்து எழுதணும்.”

அதிலிருந்து சின்ன டாக்டரம்மா இவளைக் கண்டால் சுவரோரமாக நடப்பாள்.

கடைசிக் கட்டிலில் லேத் பட்டறைக்காரர் படுத்திருந்தார். நாற்பது வயதிருக்கும். சுழலும் இயந்திரம் சட்டைக் கையைப் பிடித்து இழுத்ததில் வலது கட்டைவிரல் அடியோடு போய்விட்டது. காலின் இரண்டாம் விரலை எடுத்து, எலும்பு, நரம்பு, குழாய் எல்லாம் சேர்த்துக் கட்டைவிரல் இருந்த இடத்தில் வைத்துத் தைத்து அன்றைக்கு மூன்றாம் நாள். கட்டைவிரல் இல்லாதவன் சோறு தின்னலாம், சட்டைப் பொத்தான்கூட எப்படியோ போட்டுவிடலாம். ஆனால் மைக்ரோமீட்டரைத் திருகி, மயிரிழை வித்தியாசத்தை அளந்து சொல்லித்தான் அவர் குடும்பம் சாப்பிடுகிறது. இந்த விரலும் செத்தால் கையிலும் ஒன்று இல்லை, காலிலும் ஒன்று இல்லை. அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. “பட்டறைக்குத் திரும்பிப் போவேனா சிஸ்டர்?” என்று முதல் நாள் ஒரே ஒரு தடவை கேட்டார். “பாத்துக்கறேன்,” என்றாள். அவளுக்கு அது பெரிய வாக்கு.

அவர் பேசாத பேச்சையெல்லாம் சேர்த்துப் பேச ஓர் ஆள் கூடவே இருந்தான். அவர் மனைவியின் தம்பி. வீடுகளுக்கு பிளாஸ்டரில் சீலிங் போடுகிற தொழில். காது மடலில் எப்போதும் கொஞ்சம் வெள்ளைத் தூள் ஒட்டியிருக்கும். வார்டுக்குள் காலை வைத்ததும் அண்ணாந்து பார்த்து, “இந்த சீலிங்க யார் சிஸ்டர் போட்டது? மூலை எல்லாம் வாயைப் பொளந்துக்கிட்டு இருக்கு,” என்றான். அன்றைக்கே மூத்த சிஸ்டர் அவனுக்கு ‘சீலிங்’ என்று பெயர் வைத்து, மார்க்கும் போட்டுவிட்டாள். ஒன்று.

அந்த ஒன்றுக்கும் அவன் தகுதியில்லை என்று நாளுக்கு நாலு தடவை நிரூபித்தான். குளிர் பட்டால் குழாய் சுருங்கும் என்று அறையைச் சூடாக வைத்திருந்தால், “புழுங்குதே” என்று ஜன்னலைத் திறந்தான். காபியும் குழாய்க்கு ஆகாது என்று சொன்னபின்பும், “அரை டம்ளர் என்ன செஞ்சிடும்?” என்று பிளாஸ்கோடு வந்தான். சர்க்கரை ரத்தத்தைக் கெட்டியாக்கும் என்றான். பக்கத்துக் கட்டில்காரருக்கு முதுகுவலிக்கு யோசனை சொன்னான். தேள் கொட்டினால் என்ன செய்ய வேண்டும் என்றுகூட ஒரு பிரசங்கம் நடந்தது. வார்டில் யாரையும் தேள் கொட்டியிருக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை ஒன்பது மணிக்குப் பெரிய டாக்டர் மாணவர்கள் புடைசூழ வந்தார். விரலின் அடியிலிருந்து மணிக்கட்டு வரை சுற்றியிருந்த கட்டு முழுக்க ரத்தத்தில் ஊறி, மேல்பக்கம் காய ஆரம்பித்திருந்தது. நுனி மட்டும் பார்ப்பதற்காக வெளியே தெரிந்தது.

“ரத்தம் கசிஞ்சுக்கிட்டே இருக்கு டாக்டர்,” என்றார் பட்டறைக்காரர்.

“கசியட்டும். கசிஞ்சா ஓடுதுன்னு அர்த்தம்.” பெரிய டாக்டர் மாணவர்கள் பக்கம் திரும்பினார். “மூணு மருந்து. அதான் ரகசியம். அஞ்சாம் நாள் வரைக்கும் கட்டை யாரும் தொடக் கூடாது.”

மாணவர்கள் ரகசியத்தை நோட்டில் எழுதிக்கொண்டார்கள். குழாய் ஒழுகுகிறது என்று சொன்னால் தண்ணீர் வருகிறதே என்று சந்தோஷப்படுகிற வீட்டுக்காரன் மாதிரி இருக்கிறது என்று மூத்த சிஸ்டர் நினைத்தாள். நினைத்ததோடு சரி. பெரியவர்களுக்குப் புத்தி சொல்லிக் கெட்ட பெயர் வாங்க அவள் தயாராக இல்லை.

பத்து மணிக்கு விரலைப் பார்க்கப் போனாள். சீலிங் கட்டிலோரமாகக் குனிந்து, கட்டுக்கு அருகே மூக்கை வைத்துக்கொண்டிருந்தான்.

“சிஸ்டர், இது காஞ்சு இறுகிப் போச்சு.”

“எது?”

“இந்தத் துணி. நேத்து ஈரமா இருந்துச்சு. இப்போ தட்டினா சத்தம் வருது. நாங்க சீலிங் தொங்கவிடுற கம்பியில துணிய பிளாஸ்டர்ல முக்கிச் சுத்துவோம் சிஸ்டர். காஞ்சிடுச்சுன்னா கவ்விப் பிடிச்சுக்கும், எடுக்கணும்னா சுத்தியல்தான். அதே மாதிரி இருக்கு. மாமா விரலு நுனியும் கொஞ்சம் கறுத்த மாதிரி…”

ஜன்னல், பிளாஸ்க், சர்க்கரை, தேள் எல்லாம் ஒரே நேரத்தில் மூத்த சிஸ்டரின் நினைவுக்கு வந்தன.

“உங்களுக்கு என்ன தெரியும்? நீங்க சீலிங் ஆளு. மேல பாருங்க. கீழ நான் பாத்துக்கறேன்.”

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்துவிட்டார். சீலிங்கும் அசடு வழியச் சிரித்துவிட்டு நகர்ந்தான். மூத்த சிஸ்டர் குனிந்து விரல் நுனியைப் பார்த்தாள். கத்தரிப்பூ நிறம் லேசாகத் தொடங்கியிருந்தது. லேசாகத்தான். மற்ற யாருக்கும் தெரிந்திருக்காது, ஆனால் இருபத்தொரு வருடம் இதே நிறங்களைப் பார்த்த கண்ணுக்குத் தெரிந்தது. பேனாவை எடுத்தாள். நகர்ந்தவன் மறுபடியும் பக்கத்தில் வந்து நின்று தாளை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது ‘ஊதா’ என்று எழுதினால் இவன் சொல்லி இவள் பார்த்ததாக ஆகிவிடும். சாயங்காலத்துக்குள் வார்டு முழுக்கச் சொல்லிவிடுவான். திரைச்சீலையின் பச்சை நிழல் விழுந்து அப்படித் தெரிகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பத்து மணிக் கட்டத்தில் ‘இளஞ்சிவப்பு’ என்று எழுதினாள்.

பதினொரு மணிக்கு வந்தபோது சீலிங் “சிஸ்டர்” என்று ஆரம்பித்தான். கையை உயர்த்தி அவன் வாயை அடைத்தாள். காலடியில் நின்றபடியே பார்த்துவிட்டு, அந்தக் கட்டத்திலும் அதையே எழுதிவிட்டுப் போய்விட்டாள்.

பன்னிரண்டு மணிக்கு விரல் நுனி முழுக் கத்தரிக்காயாக இருந்தது. உப்பிப் பளபளத்தது. அழுத்தி விட்டால் நிறம் கண் இமைப்பதற்குள் திரும்பியது. அப்படி வேகமாகத் திரும்புவது நல்லதில்லை. ஊசி நுனியால் லேசாகக் குத்தினாள். கறுத்த ரத்தம் கொப்பளித்தது. ரத்தம் உள்ளே போகிறது, வெளியே வர வழியில்லை என்று அர்த்தம். பட்டறைக்காரர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தியேட்டருக்குப் போன் போட்டாள். பெரிய டாக்டர் வேறொரு அறுவையின் நடுவில் இருந்தார். அங்கிருந்த நர்ஸ் போனை அவர் காதில் வைத்தாள்.

“உறைஞ்சிருக்கும். ஊசி இன்னொரு டோஸ் போடுங்க,” என்றார். “இத முடிச்சுட்டு வந்து பாக்கறேன். கட்டைத் தொடாதீங்க.”

மருந்தை ஊசியில் ஏற்றித் தட்டில் வைத்துக்கொண்டு வந்தாள். சீலிங் சுவரோரமாக நின்று, வாயைத் திறக்காமல், அண்ணாந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அப்படிச் சும்மா நின்று அவள் பார்த்ததே இல்லை. அந்த மௌனத்தில்தான் அவன் பத்து மணிக்குச் சொன்னது ஒரு வார்த்தை விடாமல் அவள் காதில் விழுந்தது. நகத்தால் கட்டைத் தட்டினாள். ‘டொக்’ என்றது.

ஊசியைத் தட்டிலேயே வைத்துவிட்டுக் கத்தரியை எடுத்தாள். சத்தம் கேட்டு வந்த சின்ன டாக்டரம்மா கட்டிலைச் சுற்றி வந்து நின்றாள்.

“கட்டைத் தொடக் கூடாதுன்னு சொல்லியிருக்காரே சிஸ்டர்.”

“தட்டிப் பாருங்க. இது துணியா, மரமா?”

அவள் தட்டிப் பார்த்தாள். அப்புறம் கையுறையைப் போட்டுக்கொண்டாள். அந்த நிமிடத்தில் மூத்த சிஸ்டர் அவளுக்கு நாலு மார்க் போட்டாள்.

உப்பு நீரை ஊற்றி ஊற்றி நனைத்து, நீளவாக்கில் வெட்டினாள். கட்டு வேர்க்கடலை ஓடு மாதிரி இரண்டாகப் பிளந்து வந்தது. மூன்று மருந்தும் சேர்ந்து ரத்தத்தைத் தண்ணீராக்கி, அது விடாமல் கசிந்து, துணியில் ஊறி, அந்த அறையின் சூட்டில் காய்ந்து, விரலின் கழுத்தை நெரித்திருக்கிறது. உள்ளே உறையக் கூடாது என்று கொடுத்த மருந்து வெளியே கல்லாகி நின்றது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காக முடிந்தது என்பார்களே, அந்தக் குரங்கு இப்போது இரண்டு ஓடுகளாகத் தட்டில் கிடந்தது. தையல் ஓரமும் புடைத்திருந்தது. சின்ன டாக்டரம்மா இரண்டு தையலைப் பிரித்ததும் தோலுக்கடியில் தேங்கியிருந்த கறுப்புக் கட்டி ஒன்று வழுக்கிக்கொண்டு வெளியே விழுந்தது. கையைத் தூக்கி வைத்துக் காத்திருந்தார்கள். அரை மணி நேரத்தில் ஊதா வடிய ஆரம்பித்தது. அடிவிரல் சிவந்தது, நடுவும் சிவந்தது. நகமும் நகத்தைச் சுற்றிய இடமும் மட்டும் தயங்கிக்கொண்டே நின்றன.

ஒன்றரை மணிக்குப் பெரிய டாக்டர் மாணவர்களோடு வந்தார். விரலைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“பாத்தீங்களா? ஒரு டோஸ் கூடப் போட்டதும் திரும்பிடுச்சு.” காலடியில் இருந்த தாளை எடுத்தார். “பத்து மணி, இளஞ்சிவப்பு. பதினொண்ணு, இளஞ்சிவப்பு. பன்னிரண்டு, ஊதா. ஒரு மணி நேரத்துல இப்படி மாறியிருக்குன்னா திடீர் அடைப்பு. மூணு போதாதுன்னு அர்த்தம். நாளையிலேருந்து எல்லாருக்கும் நாலு.”

மூத்த சிஸ்டருக்கு மனசு குளிர்ந்தது. இருபத்தொரு வருடத்தில் இப்படி ஒரு சந்தர்ப்பம் கிடைத்ததில்லை. தட்டை நீட்டினாள். ஏற்றிய ஊசி ஏற்றியபடியே கிடந்தது.

“ஊசி போடல டாக்டர். கட்டு இறுகியிருந்துச்சு. வெட்டினேன். அதுக்கப்புறம்தான் திரும்புச்சு.”

மாணவர்களில் ஒருவன் இருமினான். பெரிய டாக்டர் ஊசியைப் பார்த்தார், இரண்டு ஓடுகளையும் பார்த்தார். பிறகு மறுபடியும் தாளைப் பார்த்தார். அந்த மனுஷன் முட்டாள் இல்லை, அதுதான் அவரிடம் இருந்த சங்கடம்.

“கட்டு இறுகினா நிறம் மெல்ல மெல்லத்தானே சிஸ்டர் மாறணும்? பதினொரு மணி வரைக்கும் இளஞ்சிவப்புன்னு இருக்கு. திடீர்னு எப்படி? இது யார் எழுத்து?”

மல்லாந்து படுத்துக்கொண்டு துப்பினால் மார்மேல்தான் விழும். அவள் எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும், வார்டில் எல்லோருக்கும் தெரியும். பேசாமல் இருந்தால் தாள் பொய் சொல்லும், அந்தப் பொய்யின்மேல் நாலாவது மருந்து ஏறி உட்காரும், அடுத்த கட்டிலில் வருகிறவனின் கட்டும் கல்லாகும். பேசினால் தன் வாயாலேயே தன்னைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும், அதுவும் இவர் முன்னால். அவள் பட்டறைக்காரரைப் பார்த்தாள். அவர் கண்ணை மூடவில்லை.

“என் எழுத்துதான். பத்து மணிக்கே நிறம் மாற ஆரம்பிச்சிருந்துச்சு. பாத்தேன். எழுதல.”

“ஏன்?”

பச்சைத் திரைச்சீலை இருக்கிறது, நிழல் இருக்கிறது, வேலைப் பளு இருக்கிறது. மூன்றும் நாக்கு நுனி வரை வந்தன.

“அவர் சொன்னாரு.” சுவரோரம் நின்றவனைக் காட்டினாள். “கட்டு இறுகிடுச்சு, நுனி கறுக்குதுன்னு பத்து மணிக்கே சொன்னாரு. அவர் சொன்னதுக்காக எழுத எனக்கு மனசு வரல.”

மாணவர்கள் எல்லோரும் திரும்பி, காதில் வெள்ளைத் தூள் ஒட்டியிருந்த ஆளைப் பார்த்தார்கள். சீலிங்குக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

பெரிய டாக்டர் முகத்தில் பெரிய நிம்மதி வந்தது.

“ஆக, மருந்துல தப்பில்ல,” என்றார். “மூணே போதும். நர்ஸிங்லதான் கோளாறு. எழுத்துல விளக்கம் குடுங்க சிஸ்டர்.”

இப்படி ஒரு மனுஷனை என்ன செய்வது? வீடு பற்றி எரிந்தாலும் நெருப்பு நம் அடுப்பிலிருந்து போகவில்லை என்று தெரிந்தால் போதும், போய்ப் படுத்துக்கொள்வார். மூத்த சிஸ்டர் அவரை அந்த நிமிடத்தில் அடியோடு வெறுத்தாள். வெறுத்துக்கொண்டிருக்கும்போதே, காலையில் தானும் அதைத்தான் செய்தோம் என்று உறைத்தது. அவருக்கு மருந்து, இவளுக்குக் கண். இரண்டு பேருக்கும் தங்கள் பெருமைக்கு ஒரு கீறல் விழக் கூடாது, விரல் எப்படிப் போனாலும் சரி. மற்றவர்களுக்கு மார்க் போட்டுப் பழகிய மனசு, தனக்கு என்ன போடுவது என்று முதல் தடவையாக முழித்தது.

அவர்கள் போனபின் பட்டறைக்காரர் மெதுவாகச் சொன்னார். “பத்துலேருந்து பன்னிரண்டு. ரெண்டு மணி நேரம்.” திட்டவில்லை. அளந்து சொன்னார், அவ்வளவுதான். அவருக்கு அதுதான் தொழில்.

விரல் பிழைத்தது, நுனி பிழைக்கவில்லை. ஆறாம் நாள் காலையில் நகமும் அதைச் சுற்றிய இடமும் கரிக்கட்டை மாதிரி காய்ந்திருந்தன. அந்த அளவுக்கு எடுத்துவிட வேண்டியதுதான் என்றார் பெரிய டாக்டர், மொத்தத்தில் வெற்றி என்றும் சொல்லிவிட்டுப் போனார். சீலிங் பட்டறையிலிருந்து மைக்ரோமீட்டரைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். பட்டறைக்காரர் அதை இடது கையில் வாங்கி, திருகும் இடத்துக்குப் பக்கத்தில் புது விரலைத் தொடாமல் வைத்து, எவ்வளவு எட்டும் என்று பார்த்தார். கறுப்பைக் கழித்துவிட்டுக் கண்ணாலேயே கணக்குப் போட்டார். பிறகு அதைத் துணியிலேயே சுற்றித் தலையணைக்கடியில் வைத்துவிட்டார்.

பத்து மணிக்கு மூத்த சிஸ்டர் புதுக் கட்டுப் போட்டாள். சுற்றி வளைக்காமல், வெறும் துணியை மேலாக வைத்து, தளர்த்தி ஒட்டினாள். சீலிங் ஜன்னலோரமாக நின்றிருந்தான். மூன்று நாளாக அவன் ஒருவருக்கும் ஒரு யோசனையும் சொல்லவில்லை. பிளாஸ்க் வரவில்லை, ஜன்னல் திறக்கவில்லை. இந்த அமைதிக்குத்தானே அவன் வந்த நாளிலிருந்து ஆசைப்பட்டாள்.

“இங்க வாங்க,” என்றாள். “கட்டு சரியா இருக்கான்னு நீங்க ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க.”

அவன் பக்கத்தில் வந்தான். கட்டைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தான். அவன் முகத்தில் கோபம் இருந்திருந்தால் அவளுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

“எனக்கு என்ன தெரியும் சிஸ்டர். நான் சீலிங் ஆளு. மேல பாக்கத்தான் தெரியும்.”

சொல்லிவிட்டு ஜன்னலோரத்துக்கே திரும்பிப் போனான். இந்தத் தடவை பக்கத்துக் கட்டில்காரர் சிரிக்கவில்லை. மூத்த சிஸ்டர் தாளை எடுத்து, பத்து மணிக் கட்டத்தில் ‘நுனி கறுப்பு’ என்று எழுதினாள்.